முந்நூற்றுப் பதினேழு ஒன்றுகள்

பதினோராவது தடவை எண்ணியபோது முந்நூற்றுப் பதினாறு வந்தது. பத்தாவது தடவை முந்நூற்றுப் பதினெட்டு. ஒன்பதாவது தடவை என்ன வந்தது என்பதைப் பெயிண்டர் ஒரு இடத்தில் எழுதி வைத்திருந்தார். எந்த இடம் என்பதுதான் நினைவில்லை.

ஸ்டூலில் இருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கல்லூரியில் கணிதத் துறைக்குப் போகும் நடைபாதைச் சுவர். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு எனாமலில் ஆறு அங்குல உயரத்துக்கு ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று. மேலிருந்து கீழ்வரை வேறு இலக்கமே கிடையாது.

"மாமா, தாள்ல எத்தனை இருக்கு?" என்றான் மச்சினன். மனைவியின் தம்பி. ரோலரைக் கழுவும் சாக்கில் அரை மணி நேரமாக ஒதுங்கி நின்றிருந்தான்.

"ஒரு தரம் எண்ணினா முந்நூத்திப் பதினொண்ணு. இன்னொரு தரம் முந்நூத்திப் பத்தொம்பது. மடிப்புல நாலஞ்சு அழிஞ்சே போச்சு. போதாததுக்கு டீக் கறை."

போன வாரம் துறையின் அட்டெண்டர் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்த தாள் அது. "துறைத் தலைவர் மேடம் வெளிநாடு போறப்ப குடுத்தாங்க. பெரிய நம்பராம். அப்படியே சுவத்துல எழுதணுமாம்" என்றார். மடித்து மடித்துத் துணி போல் நைந்திருந்த தாளைப் பிரித்துப் பார்த்தபோது பெயிண்டருக்கு மரியாதையே வந்தது. எத்தனை வருஷ ஆராய்ச்சியோ!

மரியாதையோடு ஒரு சந்தோஷமும் வந்தது. ஒரே இலக்கம், ஒரே ஸ்டென்சில். "இதுல என்ன தப்பு வந்துடப் போகுது?" என்று அன்று வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

இப்போதுதான் புரிந்தது. வேறு எந்த எண்ணிலும் தப்பு ஒரு இடத்தில் இருக்கும். ஏழுக்குப் பதில் மூன்று எழுதியிருந்தால் அந்த மூன்றைப் பிடித்துவிடலாம். இங்கே ஒவ்வொரு ஒன்றும் சரி. அதற்கு அடுத்த ஒன்றும் சரி. தனித்தனியாக எல்லாம் யோக்கியம், மொத்தம்தான் தப்பு.

அவருக்கு 'ரசமட்டம்' என்று பட்டப்பெயர். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அந்தக் கருவிக்குள் குமிழி நடுவில் நிற்பது போல, அவர் இழுத்த கோடும் நிற்கும் என்பதால் வந்த பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அவருடைய மகள் துறைத் தலைவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மகள் இதே துறையில் ஆராய்ச்சி மாணவி. ஒரு மாதப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள்.

வேறு வழியில்லாமல் அவளுக்குப் போன் போட்டார்.

"என்னப்பா, சுவர் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. ஒரு சின்ன சந்தேகம்மா. அந்த நம்பர்ல மொத்தம் எத்தனை ஒண்ணு வரும்?"

"நம்பர் என்னன்னே எனக்குத் தெரியாதே. மேடம் ரகசியமா வெச்சிருக்காங்க. ஒரு பெரிய பகா எண்ணுன்னு மட்டும் சொன்னாங்க. ஆமா, மத்ததை எல்லாம் விட்டுட்டு ஒண்ணை மட்டும் ஏன் கேக்கறீங்க?"

"மத்தது எதுவும் இல்லையேம்மா. எல்லாமே ஒண்ணுதான்."



"எல்லாமேவா?"

"முதல்ல ஆரம்பிச்சுக் கடைசி வரைக்கும்."

"அய்யோ அப்பா!" மகள் கத்திய கத்தலில் மச்சினன் ரோலரைக் கீழே போட்டான். "அதுவா! உங்களுக்குத் தெரியாதுப்பா, அது என்ன அழகான எண் தெரியுமா! பகா எண்ணுன்னா என்னன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"மறந்துட்டேன்."

"சமமாப் பங்கு போட முடியாத எண். பன்னெண்டு பேரை நாலு நாலா வரிசையில நிறுத்தலாம். பதிமூணு பேரை எப்படி நிறுத்தினாலும் யாராவது மிஞ்சுவான்."

"உன் மாமன் மாதிரி."

"கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்றான் மச்சினன்.

"வெறும் ஒண்ணா எழுதி, அது பகா எண்ணா அமையறது ரொம்ப ரொம்ப அபூர்வம்ப்பா. ரெண்டு ஒண்ணு போட்டா பதினொண்ணு. தேறிடும். மூணு போட்டா நூத்திப் பதினொண்ணு. அது மூணு முப்பத்தேழா உடைஞ்சுடும். நாலு போட்டா பதினொண்ணால உடையும். அப்படியே போனா பத்தொம்பது ஒண்ணு போட்டாத் தேறும். இருபத்து மூணு போட்டாத் தேறும். அதுக்கு அடுத்தது எப்ப தெரியுமா?"

"எப்ப?"

"முந்நூத்திப் பதினேழு! நடுவுல ஒண்ணுகூடக் கிடையாது. அதை விட்டா ஆயிரத்து முப்பத்தொண்ணுலதான். உங்க தாள்ல சுமாரா எத்தனை?"

"முந்நூத்திச் சொச்சம்."

"அப்பச் சந்தேகமே இல்லை. முந்நூத்திப் பதினேழுதான்."

பெயிண்டர் சுவரைப் பார்த்தார். "ஒருவேளை முந்நூத்திப் பதினாறு இருந்தா?"

"இரட்டைப்படையில எத்தனை போட்டாலும் ரெண்டு ரெண்டாக் கட்டிடலாமே. ஒவ்வொரு கட்டும் பதினொண்ணு. மொத்தமும் பதினொண்ணால உடைஞ்சுடும். பகா எண்ணே கிடையாது."

"பதினெட்டு?"

"அதுவும் இரட்டைப்படைதானே! ஒண்ணு கூடினாலும் போச்சு, குறைஞ்சாலும் போச்சு." சட்டென்று அவள் குரல் இறங்கியது. "ஏம்ப்பா இதெல்லாம் கேக்கறீங்க?"

"சும்மா. தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"அப்பா, மேடம் சுவத்தைப் பாத்ததும் முதல்ல எண்ணுவாங்க. போன வருஷம் ஒரு அண்ணா கட்டுரையில ஒரே ஒரு கழித்தல் குறி விட்டுப்போச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் இப்பக் கோழிப் பண்ணை வெச்சிருக்கார். என் கட்டுரை இப்ப அவங்க மேசையிலதான் இருக்கு. 'எங்கப்பா கை தப்பாது மேடம், நான் பொறுப்பு'ன்னு சொல்லியிருக்கேன்."

"மேடத்தையே ஒரு வார்த்தை கேட்டுட்டா?"

"வெளிநாட்டுல இருக்காங்க. வியாழக்கிழமை காலையில நேரா சுவத்தோட திறப்பு விழாவுக்குத்தான் வராங்க. கேட்டாலும், தாளைப் பாத்து எழுதத் தெரியாதவரான்னு கேப்பாங்க."

அன்று திங்கட்கிழமை.

சுவரில் இருப்பது முந்நூற்றுப் பதினாறு என்று கடைசியாக எண்ணியதை நம்பி, பெயிண்டர் கடைசி வரிசையில் ஒரு ஒன்றைச் சேர்த்தார். கடவுளைக் கும்பிட்டுவிட்டு மறுபடி எண்ணினார். முந்நூற்றுப் பத்தொன்பது.

"ஒண்ணு போட்டா மூணு கூடுது மாமா" என்றான் மச்சினன். "நல்ல சுவர்."

குழப்பத்துக்குக் காரணம் வரிசைகள். தாளில் இருந்தது போலவே எழுதுவது பெயிண்டரின் வழக்கம். கொடுத்த மாதிரியை மாற்ற மாட்டார். தாளில் ஒரு வரிசையில் இருபத்து மூன்று, அடுத்ததில் இருபத்தாறு, அதற்கடுத்து பத்தொன்பது என்று இஷ்டத்துக்கு இருந்தன. சுவரிலும் அப்படியே. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று என்று பார்த்துக்கொண்டே போகிற கண், நடுவில் ஒரு தரம் இமைத்தால் போதும். எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பது தெரியாது.

"ஒரு வழி இருக்கு" என்றான் மச்சினன். "எண்ண எண்ண ஒவ்வொண்ணு மேலயும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கிட்டே போவோம். ஒட்டினது எண்ணினது. ஒட்டாதது எண்ணாதது."

நல்ல யோசனைதான். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் ஒட்டினார்கள். முந்நூற்றுப் பதினேழு! பெயிண்டர் மச்சினனைக் கட்டிக்கொண்டார். கல்யாணமான நாளில் இருந்து அவனைத் தொட்டது அதுவே முதல் தடவை.

பிறகு டேப்பை உரித்தார்கள்.

எனாமல் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல இருக்கும். மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருக்கும். உள்ளே பிடிப்பதற்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும். அதற்குள் டேப்பை ஒட்டி இழுத்தால் டேப்போடு பெயிண்டும் வரும். இது பெயிண்டருக்குத் தெரியாத விஷயமல்ல. இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர்களுக்கு அவரே சொல்லிவந்த விஷயம்.

சில ஒன்றுகள் பாதி வந்தன. சில முழுசாக வந்தன. எத்தனை வந்தன என்று பார்க்கலாம் என்றால், மச்சினன் உரித்த டேப்பை எல்லாம் பந்தாக உருட்டி வைத்திருந்தான்.

"தூக்கிப் போட வசதியா இருக்கும்னுதான் மாமா."

அட்டெண்டர் டீ கொண்டுவந்தார். அம்மை போட்டது போல நின்ற சுவரை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் ஒண்ணாவே இருக்கே அண்ணே? படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எங்க புரியப் போகுது!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் பெயிண்டர் ஜன்னல் கம்பிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை?" என்றாள் மனைவி.

"ஒன்பது."

"எட்டு. கல்யாணம் ஆன நாளா எட்டுதான்."

அவர் எழுந்து போய் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். எட்டு. முகத்தை மூடிக்கொண்டார்.

"நான் அஞ்சாம் கிளாஸ்ல கணக்குலதான் ஃபெயிலானேன்" என்றார். "அப்ப எங்கப்பா மட்டும்தான் தலை குனிஞ்சார். இப்ப நம்ம பொண்ணு குனியணும். அப்பனுக்கு ஒண்ணுகூட எண்ணத் தெரியலைன்னு அவளைப் பாத்துச் சொல்லுவாங்க."

மனைவி அடுப்பை அணைத்தாள். விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் எதையாவது சொல்லித் திட்டுவாள். அன்று அவள் திட்டாததுதான் அவருக்கு அதிக பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு முடிவோடு வந்தார். "மொத்தத்தையும் அழிக்கிறோம். புதுசா எழுதறோம். இந்தத் தடவை எல்லா வரிசையும் சமமா. ஒரு வரிசையை எண்ணிப் பெருக்கினா மொத்தம் வந்துடும். தப்பே வராது."

மச்சினன் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தான். பெயிண்டர் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். வரிசைக்குப் பத்து என்றால் ஏழு மிஞ்சியது. பன்னிரண்டு என்றால் ஐந்து. பதினைந்து என்றால் இரண்டு. அவருக்கு உற்சாகம் வந்தது. நெருங்கிவிட்டோம் என்று நினைத்தார். பதினாறு என்றால் பதின்மூன்று மிஞ்சியது.

பன்னிரண்டு மணிக்கு மகளுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, முந்நூத்திப் பதினேழைச் சமமாப் பிரிக்க எத்தனையால வகுக்கணும்?"

"முடியாதுப்பா. முந்நூத்திப் பதினேழே ஒரு பகா எண்தான்."

"நீ அந்தப் பெரிய எண்ணைத்தானே பகா எண்ணுன்னு சொன்னே?"

"ரெண்டுமேதான்! அதுதானேப்பா இதுல விசேஷம். எத்தனை ஒண்ணுங்கறதைச் சமமாப் பிரிக்க முடிஞ்சா, அந்தப் பெரிய எண்ணும் அதே மாதிரி கட்டுக்கட்டாப் பிரிஞ்சுடும். அதனால பெரிய எண் உடையாம இருக்கணும்னா, இந்த எண்ணிக்கையும் உடையாம இருந்தே ஆகணும். பதினேழு வரைக்கும் வகுத்துப் பாத்தீங்கன்னாப் போதும், அதுக்கு மேல பாக்கவே வேண்டாம். ஏன்னா..."

"நான் பதினெட்டு வரைக்கும் பாத்துட்டேன்."

"சமமா வேணும்னா ரெண்டே வழிதான். எல்லாத்தையும் ஒரே வரிசையில எழுதணும். இல்லைன்னா வரிசைக்கு ஒண்ணுன்னு முந்நூத்திப் பதினேழு வரிசை."

பெயிண்டர் நடைபாதையின் நீளத்தைப் பார்த்தார். உயரத்தைப் பார்த்தார். இந்த எண்ணை யாரோ வேண்டுமென்றே அவருக்காகச் செய்து அனுப்பியது போல இருந்தது.

கடைசியில் வரிசைக்கு இருபது என்று முடிவு செய்தார். பதினைந்து வரிசைக்கு முந்நூறு. மிச்சம் பதினேழும் பதினாறாவது வரிசையில். மூன்று இடம் காலியாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். கறுப்பு வெளியே தெரியாமல் இருக்க இரண்டு கோட் பிரைமரும் அதன் மேல் இரண்டு கோட் வெள்ளையும் அடித்து முடிப்பதற்குள் செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

புதன்கிழமை நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஸ்டென்சில் நகர்த்தி எழுதினார்கள். மூன்று மணிக்கு முடிந்தது. பதினைந்து வரிசையிலும் இருபது இருபது. கடைசி வரிசையில் பதினேழு. எண்ணினால் பதினேழு, திருப்பி எண்ணினாலும் பதினேழு. பெயிண்டர் மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு விட்டார். பிரஷ்களைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது சுவர் இன்னும் அழகாக இருந்தது. ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது என்று யோசித்தார். பிறகு கடைசி வரிசையை எண்ணினார். இருபது.

"கடைசி வரிசை மொட்டையா நின்னுது மாமா" என்றான் மச்சினன். "மூணே மூணுதான் குறைஞ்சுது. ஸ்டென்சில் கையிலதான் இருந்துச்சு. நிரப்பிட்டேன்."

பெயிண்டர் அவனைத் திட்டவில்லை. திட்டுவதற்கு ஒரு தெம்பு வேண்டும். "மாப்ளே, நீ வீட்டுக்குப் போ" என்றார். "போய் அக்காகிட்ட, நான் கொஞ்சம் நேரமாகி வருவேன்னு சொல்லு. வேற எதுவும் சொல்லாதே. எதையும் நிரப்பாதே."

ஈர எனாமலைத் தின்னர் துணியால் துடைத்தார். கறுப்பு சாம்பலாகப் பரவியது. சுரண்டினார். பள்ளம் விழுந்தது. பட்டி வைத்தார், தேய்த்தார், பிரைமர் அடித்தார், வெள்ளை அடித்தார். ஒரு கோட்டுக்குத்தான் நேரம் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தார். அந்த இடத்தில் வெள்ளைக்கு அடியில் மூன்று ஒன்றுகள் மங்கலாக, தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல அவரைப் பார்த்தன. இனி பூசினால் காயாது. பத்து மணிக்கு விழா.

கடைசி வரிசை முழங்கால் உயரத்தில் இருந்தது. பெயிண்டர் போய் அந்த மூன்றுக்கும் முன்னால் கால்களைச் சேர்த்து வைத்துச் சுவரோடு சுவராக நின்றுகொண்டார்.

மகள் வெளியூரில் இருந்து பையும் கையுமாக நேரே வந்தாள். சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள். "அப்பா, எவ்வளவு நேரா இருக்கு! ஏன் அங்கேயே நிக்கறீங்க? வாங்க இங்க."

"இல்லம்மா. எனக்கு இங்கதான் வசதி."

"உடம்பு சரியில்லையா? முகமெல்லாம் வேர்க்குது."

"இங்கதான் வசதின்னு சொல்றேன் இல்ல?"

பத்து மணிக்குத் துறைத் தலைவர் மேடம் வந்தார். பின்னால் ஆசிரியர்கள், மாணவர்கள், வரவேற்புத் தட்டோடு அட்டெண்டர். மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"இது... அதாவது, இது நான் குடுத்த எண் இல்லையே."

மகளின் முகத்தில் இருந்து ரத்தம் இறங்குவதைப் பெயிண்டர் பார்த்தார். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. காலை எடுத்தால் மூன்றும் தெரிந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. முந்நூற்றுப் பதினேழு என்ன, ஆயிரம் என்ன, முதல் ஒன்றே தப்பு! மகளும் இனிக் கோழிப் பண்ணைதான்.

மேடம் சுவருக்கு அருகில் போனார். விரலை நீட்டி முதல் வரிசையை எண்ணினார். பிறகு வரிசைகளை எண்ணினார். பிறகு குனிந்து கடைசி வரிசையை எண்ணிக்கொண்டே வந்து, பெயிண்டரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"பதினஞ்சு வரிசை, முந்நூறு. கீழ பதினேழு. அதாவது, முந்நூத்திப் பதினேழு ஒண்ணு! யார் இதைத் தேர்ந்தெடுத்தது?"

"அப்பாதான் மேடம்" என்றாள் மகள், அழுகிற குரலில்.

மேடம் பெயிண்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் குடுத்தது நூறு இலக்கத்துல ஏதோ ஒரு எண். அதாவது, கம்ப்யூட்டர் தேடிக் குடுத்தது. அதுல ஏழுக்குப் பதிலா மூணு எழுதினாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது. இதுல ஒண்ணே ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் மொத்தமும் சரிஞ்சுடும். அப்படிப்பட்ட எண்ணை, ஒரு கோடு பிசகாம! அதாவது, இந்தச் சுவத்துக்கு இதைவிடப் பொருத்தமான எண் உலகத்துலேயே கிடையாது." பிறகு மகளின் பக்கம் திரும்பினார். "உன் கட்டுரையைப் படிச்சு முடிச்சுட்டேன். இப்பத்தான் புரியுது, அந்தச் சுத்தம் உனக்கு எங்க இருந்து வந்துதுன்னு."

எல்லோரும் கை தட்டினார்கள். மகள் அழுதாள். கூட்டம் மேடத்தோடு உள்ளே நகர்ந்தது.

பெயிண்டர் காலை எடுக்காமலே, பின்னால் வந்த அட்டெண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பையில் இருந்து அந்த நைந்த தாளை எடுத்து நீட்டினார்.

"தம்பி, மேடம் குடுத்தது இது இல்லையாமே? அப்ப இது என்னதான்?"

அட்டெண்டர் தாளைப் பிரித்தார். தன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, மடிப்புக் கலையாத இன்னொரு தாளை எடுத்துப் பார்த்தார். அதில் எல்லா இலக்கங்களும் கலந்து நான்கு வரி இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெயிண்டரின் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, இது துறைக் கூட்டத்துல மேடம் 'அதாவது'ன்னு சொல்றப்பல்லாம் நான் கதவுப் பக்கத்துல உக்காந்து போட்ட கோடு, போன வாரம் வரைக்கும் முந்நூத்திப் பதிமூணுதான் இருந்துச்சு, இப்ப இங்க நின்னு நாலு சொன்னாங்களா, உங்க கணக்கு சரியாப் போச்சு."